1.5 லிட்டர் பெட்ரோல் செடான்: அன்றாட ஓட்டத்தில் உண்மையான மைலேஜ் எவ்வளவு, குறைந்தால் எங்கே தேடுவது?

வெள்ளைசெடான்

எல்லோருக்கும் வணக்கம். 1.5 லிட்டர் பெட்ரோல், 5 கியர் மேனுவல், வண்டி எடை 1,150 கிலோ. கம்பெனி சொல்லும் மைலேஜ் 17.8. டிஸ்ப்ளேயில் 13.6 காட்டுகிறது. ஃபுல் டேங்க் போட்டுக் கணக்குப் பார்த்தால் 12.1 தான் வருகிறது. தினசரி ஓட்டம் ஒரு வழிக்கு 11 கி.மீ., வழியில் 20 சிக்னல் வரை, ஏசி எப்போதும் ஓடும். ஹைவேயில் 110–120 வேகம். டயர் மாற்றும்போது 185/65 ஆர்15-க்குப் பதிலாக 195/65 ஆர்15 போட்டிருக்கிறது. சர்வீஸ் எதுவும் விட்டுப்போகவில்லை, எஞ்சின் விளக்கும் எரியவில்லை. இந்த 12.1 இயல்பானதா, வண்டியில் ஏதாவது கோளாறா?

டேங்க்ஃபுல்

முதலில் 12.1 என்ற எண்ணை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே ஒரு டேங்க் கணக்கை நம்பி எதையும் கழற்ற வேண்டாம்.

பம்ப் நாசில் ஆட்டோ கட்-ஆஃப் ஆகும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும். வண்டி நிற்கும் சரிவு, பெட்ரோல் வரும் வேகம், நுரை எல்லாம் சேர்ந்து ஒன்று ஒன்றரை லிட்டர் வித்தியாசம் வரலாம். 35 லிட்டர் போடும்போது அது 4 சதவீதம். ஆனால் தொடர்ந்து மூன்று டேங்க் ஃபுல் போட்டு மொத்தமாகக் கணக்கிட்டால் நடுவில் வரும் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். முதல் ஃபில்லும் கடைசி ஃபில்லும் மட்டுமே பிழை தரும். அதே ஒன்றரை லிட்டர் 100 லிட்டரில் பரவினால் ஒன்றரை சதவீதம்தான்.

ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், வண்டி நிற்பதும் ஒரே திசையில். முதல் கிளிக்கோடு நிறுத்திவிடுங்கள். கழுத்து வரை நிரப்பினால் திரவப் பெட்ரோல் ஆவி பிடிக்கும் கரி கேனிஸ்டருக்குள் போய்விடும். அது நனைந்தால் பர்ஜ் வால்வு வழியாக எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் வந்து, அளக்கப்போன மைலேஜே கெட்டுவிடும்.

உதாரணம்: 410, 385, 432 கி.மீ., போட்டது 33.9, 30.2, 35.1 லிட்டர். மொத்தம் 1,227 கி.மீ. ÷ 99.2 லிட்டர் = 12.37. ஒவ்வொரு டேங்குக்கும் கி.மீ./லிட்டர் கண்டுபிடித்து அதன் சராசரியை எடுப்பது தவறு. 300 கி.மீ. 10 மைலேஜில், இன்னொரு 300 கி.மீ. 20 மைலேஜில் ஓடினால் பலர் 15 என்பார்கள். ஆன செலவு 45 லிட்டர், எனவே உண்மை 13.3.

டிஸ்ப்ளே கணக்கு வேறு. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்து ஈசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) போடும் மதிப்பீடு அது. பல வண்டிகளில் 5 முதல் 10 சதவீதம் கூடுதலாகக் காட்டும். இன்றைய ஓட்டத்தை நேற்றைய ஓட்டத்தோடு ஒப்பிட அது போதும், உண்மை மைலேஜாக எடுத்துக்கொள்ள முடியாது.

நாலாம்கியர்

டயர் விஷயத்தை யாரும் தொடவில்லையே. 185/65 ஆர்15 டயரின் விட்டம் 621.5 மி.மீ. 195/65 ஆர்15-ன் விட்டம் 634.5 மி.மீ. 2.1 சதவீதம் பெரிய டயர். ஓடோமீட்டர் எண்ணுவது சக்கரச் சுற்றைத்தான். பெரிய டயர் குறைவாகச் சுற்றும், அதனால் மீட்டரில் 400 என்றால் சாலையில் 408 ஓடியிருப்பீர்கள். உங்கள் 12.1 உண்மையில் 12.35. குறைவின் ஒரு பகுதி வெறும் காகிதக் கணக்கு.

குடும்பவண்டி

@நாலாம்கியர் ஸ்பீடோமீட்டர்தான் எப்போதும் கூட்டிக் காட்டுமே? அப்படியானால் கி.மீ.யும் கூடத்தானே காட்ட வேண்டும், மைலேஜ் இன்னும் குறையாதா?

நாலாம்கியர்

இரண்டும் வேறு வேறு. ஐ.நா. வாகன விதி 39-ன்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், 10 சதவீதமும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை. அதனால் பல கம்பெனிகள் முள்ளை வேண்டுமென்றே கொஞ்சம் மேலே வைக்கின்றன. ஓடோமீட்டரில் அந்தக் கூட்டல் சேராது. கம்பெனி அளவு டயரில் அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சந்தேகம் இருந்தால் ஜிபிஎஸ் வைத்து நேரான சாலையில் 20 கி.மீ.க்குக் குறையாமல் ஓட்டி ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று கி.மீ. ஓட்டிப் பார்ப்பது பயன்படாது.

கணக்கர்

17.8 எப்படி வந்தது என்பதையும் பார்த்துவிடலாம், பிறகு 12.35-க்கு வருகிறேன். ஆய்வகச் சோதனை உருளைகள்மேல் நடக்கிறது. பழைய என்இடிசி சுழற்சி 20 நிமிடம், 11 கி.மீ., சராசரி 33.6 கி.மீ. வேகம், முடுக்கமெல்லாம் மிக மெதுவானது, ஏசி ஓடாது. 2017-ல் ஐரோப்பாவில் வந்த டபிள்யூஎல்டிபி 30 நிமிடம், 23.25 கி.மீ., உச்ச வேகம் 131. நடைமுறைக்கு இன்னும் நெருக்கம், ஆனால் அதிலும் ஏசி அணைந்தே இருக்கும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பான இபிஏ 2008 மாடல் ஆண்டிலிருந்து அதிவேகம், ஏசி, குளிர் மூன்றுக்கும் தனிச் சோதனைகளைச் சேர்த்துக்கொண்டதால் அதன் எண் நடைமுறைக்கு ஓரளவு பக்கத்தில் வரும். ஆகவே எந்தச் சோதனை எண் என்று தெரியாமல் "கம்பெனி சொன்னது கிடைக்கவில்லை" என்று சொல்வதில் பொருளில்லை.

இப்போது உங்கள் 11 கி.மீ. வழியை அடியிலிருந்து கட்டிப் பார்ப்போம். ஆட்களோடு எடை 1,300 கிலோ.

உருளும் தடை சுமார் 128 நியூட்டன், 40 கி.மீ. வேகத்தில் காற்றுத் தடை சுமார் 46. இரண்டையும் 11 கி.மீ. தள்ள 1.9 மெகாஜூல். நகர ஓட்டத்தில் எஞ்சினும் கியரும் சேர்ந்து கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும், ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல். அப்படியானால் 240 மி.லி.

அடுத்து சிக்னல். 40-ல் வரும் வண்டியில் 80 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. பிரேக்கை மிதித்தால் அது முழுக்கச் சூடாகிப் போய்விடும், மறுபடி 40 தொட 10 மி.லி. பெட்ரோல் வேண்டும். 60-ல் இருந்து நின்றால் 22 மி.லி.க்கு மேல். 20 சிக்னலிலும் நின்றால் 200 மி.லி.

நின்றுகொண்டிருக்கும் நேரம். சூடான 1.5 லிட்டர் எஞ்சின் ஏசி இல்லாமல் ஐடிலில் மணிக்கு 0.5–0.8 லிட்டர் குடிக்கும், ஏசியோடு ஒரு லிட்டர் பக்கம். சிக்னல்களில் மொத்தம் 12 நிமிடம் நின்றால் இன்னொரு 200 மி.லி.

ஓடும்போது ஏசிக்கு 60, எஞ்சின் குளிர்ந்த நிலையில் கிளம்புவதற்கு 80 என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் 780 மி.லி. 11-ஐ 0.78-ஆல் வகுத்தால் 14.1. ஆகவே உங்கள் வழியில் நியாயமாக வர வேண்டியது 14 பக்கம். 17.8-லிருந்து 14 வரையுள்ள இறக்கம் சாலையின் கைவரிசை, அதற்கு மெக்கானிக்கைத் தேட வேண்டாம். 14-லிருந்து 12.35 வரையுள்ள இறக்கத்துக்குத்தான் காரணம் கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் இன்னொன்றும் தெரிகிறது. வண்டியை நகர்த்தவே செலவானது 780-ல் 240 தான். நிற்பதும், நின்று மறுபடி கிளம்புவதும் 400 எடுத்துக்கொள்கின்றன. ஏர் ஃபில்டரை மாற்றுவதைவிட, தூரத்தில் சிவப்பு தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பது எத்தனையோ மடங்கு மிச்சம் தரும்.

குடும்பவண்டி

அப்படிச் சிவப்பு தெரிந்ததும் நியூட்ரலில் போட்டு உருட்டிக்கொண்டு போகலாமா? இறக்கத்திலும் அதுதான் மிச்சம் என்கிறார்கள்.

ஸ்பேனர்12

வேண்டாம் சார். அது கார்பரேட்டர் காலத்துப் பழக்கம். எஃப்ஐ (ஃபியூல் இன்ஜெக்‌ஷன்) எஞ்சினில் கியரில் இருக்கும்போது காலை முழுசாக எடுத்தால், சுமார் 1,300–1,500 ஆர்பிஎம்-க்கு மேல் ஈசியு இன்ஜெக்டரை மொத்தமாக மூடிவிடும். செலவு பூஜ்யம். உடனடி மைலேஜ் முள் கடைசி வரை ஓடி நிற்பதைப் பார்க்கலாம். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணையாமல் இருக்க ஐடில் பெட்ரோல் போய்க்கொண்டே இருக்கும். இறக்கத்தில் எஞ்சின் பிரேக்கிங்கும் போய்விடும், முழு பாரமும் பிரேக் பேட் மேல்தான். பேட் சூடேறிப் பிடிப்பு குறைவது அங்கேதான்.

சிக்னலுக்கு வரும்போது மூன்றாம் அல்லது நான்காம் கியரிலேயே விட்டு, 1,200 பக்கம் இறங்கியதும் கிளட்சை மிதியுங்கள். அதற்கு முன்னால் கிளட்சை மிதித்தால் அந்தக் கணமே பெட்ரோல் மறுபடி ஊற்ற ஆரம்பித்துவிடும்.

ஹைவே_மேன்

ஹைவே எண்ணையும் சேர்க்கிறேன். சாதாரண செடானுக்குக் காற்றுத் தடை குணகம் 0.28, முன்பரப்பு 2.2 சதுர மீட்டர் என்று வைத்தால்: 80-ல் காற்று 182 நியூட்டன், 100-ல் 285, 120-ல் 411. உருளும் தடை மூன்றிலும் அதே 128 பக்கம். மொத்தத்தில் 310, 413, 539. 80-ஐவிட 120-ல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 74 சதவீதம் கூடுதல் விசை. சுமை ஏறும்போது எஞ்சின் திறன் கொஞ்சம் கூடுவதால் பெட்ரோல் அதே அளவு ஏறாது, ஆனாலும் 80-ல் 20 தரும் வண்டி 120-ல் 13–14-க்கு இறங்குவது சாதாரணம். அதனால் "ஹைவேயில் மைலேஜ் கூடும்" என்பதை 110–120 ஓட்டுகிறவர் எதிர்பார்க்கக் கூடாது. 100 கி.மீ. தூரத்துக்கு 120-க்குப் பதில் 100-ல் போனால் பத்து நிமிடம்தான் தள்ளிப்போகும்.

கேரியர் மேல் பெட்டி கட்டினால் அந்தக் காற்றுப் பகுதிதான் எகிறும். நகரத்தில் பெரிதாகத் தெரியாது, 110-ல் 10 முதல் 25 சதவீதம் வரை தின்னும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

காற்று32

டயரில் 40 பிஎஸ்ஐ வைத்துப் பாருங்கள் நண்பரே, இரண்டு கி.மீ. கூடும்.

ஸ்பேனர்12

கூடாது. நான்கு டயரிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ மாறினால் மைலேஜ் 0.2 சதவீதம்தான் மாறும். 33-லிருந்து 40-க்கு ஏற்றினால் ஒன்றரை சதவீதம், 12-ல் 0.2 கி.மீ. கூட இல்லை. பதிலுக்கு டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும், ஈரத்தில் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எண்ணே சரி. டயர் பக்கவாட்டில் பொறித்த எண் அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம், வண்டிக்கு வைக்க வேண்டிய அளவு அல்ல. ஓடாமல் மூன்று மணி நேரம் நின்ற டயரில் அளவு பாருங்கள். வெளி வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ இறங்கும், அதனால் மாதம் ஒரு முறை பார்ப்பது அவசியம்.

வெள்ளைசெடான், உங்களுக்கு விட்டுப்போன ஒன்றரை கி.மீ.யைத் தேட நான் சொல்லும் வரிசை இது.

பிரேக் இழுக்கிறதா என்று முதலில் பாருங்கள். 15 கி.மீ. ஓட்டி, கடைசி ஒரு கி.மீ. பிரேக் அதிகம் தொடாமல் வந்து நிறுத்துங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நான்கு டிஸ்க்கையும் அளந்து, இடது முன் – வலது முன், இடது பின் – வலது பின் என்று ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் 30 டிகிரி கூட இருந்தால் அந்தப் பக்கம் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) திரும்பி வரவில்லை. பெரும்பாலும் ஸ்லைடு பின்னில் கிரீஸ் காய்ந்திருக்கும். பின்னை உருவித் துடைத்து சிலிகோன் பிரேக் கிரீஸ் மெல்லிசாகத் தடவி, ரப்பர் பூட் கிழிந்திருந்தால் மாற்றிப் போட வேண்டும். சாதாரண பேரிங் கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதிப்போய்ப் பின் மறுபடி இறுகிவிடும். பின்பக்கம் டிரம் என்றால் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுங்கள், ஹேண்ட்பிரேக் கேபிள் இறுக்கமாக இருந்தால் அங்கேயே உரசும் சத்தம் கேட்கும்.

அடுத்து ஒரு ஓபிடி ரீடரை (ஈசியுவில் உள்ள எண்களைப் படித்துக் காட்டும் கருவி) மாட்டி இரண்டு எண் பாருங்கள். ஒன்று லாங் டெர்ம் ஃபியூல் ட்ரிம், அதாவது ஈசியு தன் கணக்கிலிருந்து பெட்ரோலைத் தொடர்ந்து கூட்டியோ குறைத்தோ ஊற்றும் அளவு: 5 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, மைனஸ் 10-ஐத் தாண்டினால் எங்கோ கூடுதல் பெட்ரோல் போகிறது, அதாவது ஒழுகும் இன்ஜெக்டர், மூடாத பர்ஜ் வால்வு, காற்றைக் கூட்டிக் காட்டும் ஏர்ஃப்ளோ சென்சார். இரண்டு கூலன்ட் வெப்பநிலை: சூடான பிறகு 85–95-ல் நிலையாக நிற்க வேண்டும்.

ஏர் ஃபில்டர் பற்றிக் கேட்பீர்கள். ஓக் ரிட்ஜ் ஆய்வகம் 2009-ல் சோதித்துப் பார்த்ததில், நவீன எஃப்ஐ வண்டிகளில் அடைத்த ஃபில்டரால் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை, முடுக்கம்தான் குறைந்தது. காற்று குறைந்தால் ஈசியு பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. நேரத்துக்கு மாற்றுங்கள், ஆனால் அதிலிருந்து மைலேஜ் எதிர்பார்க்காதீர்கள்.

குடும்பவண்டி

மைலேஜ் கூட்டும் அடிட்டிவ், அதிக ஆக்டேன் பெட்ரோல்?

கணக்கர்

அதிக ஆக்டேன் கேட்கும்படி வடிவமைக்காத எஞ்சினுக்கு அதைப் போடுவதால் மைலேஜ் கூடாது. ஆக்டேன் என்பது எஞ்சினில் தட்டல் (நாக்கிங்) வராமல் தாங்கும் திறன், பெட்ரோலுக்குள் இருக்கும் ஆற்றல் அல்ல. அடிட்டிவை விடுங்கள். எத்தனால்தான் கணக்கில் வரும். ஒரு லிட்டர் எத்தனாலில் 21 மெகாஜூல் சொச்சம்தான். 10 சதவீதம் எத்தனால் கலந்த இ10-ல் 3 சதவீதமும், 20 சதவீதம் கலந்த இ20-ல் ஏறக்குறைய 7 சதவீதமும் ஆற்றல் குறைவு. வேறு கலவைக்கு மாறிய மாதத்தில் மைலேஜ் இறங்கினால் வண்டியைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

ஆயில் கிரேடும் கவனிக்க வேண்டியது. புத்தகத்தில் 0டபிள்யூ-20 என்று இருந்து, தடிமனான ஆயில் ஊற்றியிருந்தால் 1–2 சதவீதம் போகும்.

சிவிடி_ஓட்டுநர்

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வரி: டார்க் கன்வர்ட்டரில் லாக்-அப் (எஞ்சினும் கியர்பாக்ஸும் நழுவாமல் நேராகப் பிணைவது) ஆன பிறகு ஆக்சிலரேட்டரை ஆடாமல் பிடியுங்கள். அழுத்தி அழுத்தி விட்டால் லாக்-அப் விலகி, ஆர்பிஎம் 200–300 ஏறி நிற்கும்.

வெள்ளைசெடான்

எல்லோருக்கும் நன்றி. மூன்று டேங்க் கணக்கு டயர் திருத்தத்தோடு 12.4. டிஸ்க் வெப்பம் இரு பக்கமும் சமமாக இருக்கிறது, ஹேண்ட்பிரேக் உரசவில்லை. லாங் டெர்ம் ட்ரிம் மைனஸ் 2. கூலன்ட் மட்டும் நகரத்தில் 78, ஹைவேயில் 70–72-க்கு இறங்கிவிடுகிறது. டேஷ்போர்டில் முள் எப்போதும் போல நடுவில்தான் நிற்கிறது.

ஸ்பேனர்12

கிடைத்துவிட்டது. தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும் வரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் தடுக்கும் வால்வு, திறந்தபடி சிக்கியிருக்கிறது. ஹைவேயில் காற்று அதிகம் அடிக்கும்போது வெப்பம் இறங்குவதே அதன் அடையாளம். டேஷ்போர்டு முள்ளை நம்ப முடியாது, பல வண்டிகளில் 70 முதல் 105 வரை நடுவிலேயே நிற்கும்படி வைத்திருப்பார்கள். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று ஈசியு நினைத்துக் கூடுதல் பெட்ரோல் ஊற்றும், ஐடிலை உயர்த்தி வைக்கும், ஆயிலும் தடிமனாகவே சுற்றும். ஈசியுவே கேட்டு ஊற்றுவதால்தான் ட்ரிம்மில் எதுவும் தெரியவில்லை. கூலன்ட் போதிய அளவு சூடாகவில்லை என்று சொல்லும் பி0128 கோடு சில வண்டிகளில் தாமதமாகத்தான் விழும்.

உறுதி செய்ய: காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், ஃபேனிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் அங்கே இருக்கும் எஞ்சினில், நல்ல தெர்மோஸ்டாட் என்றால் வெகு நேரம் குளிர்ச்சியாக இருந்து திடீரென்று சூடேறும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் சிக்கிவிட்டது.

காற்று32

வெயில் ஊரென்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டே ஓட்டலாம் என்று பல மெக்கானிக்குகள் சொல்கிறார்களே?

ஸ்பேனர்12

சொல்கிறார்கள், அது மோசமான வேலை. இப்போது இவருக்கு இருக்கும் கோளாறையே நிரந்தரமாக்குவதுதான் அது. சில எஞ்சின்களில் பைபாஸ் வழியை மூடுவதும் அதே தெர்மோஸ்டாட்தான், அதை எடுத்தால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கே சுற்றிச் சூடும் ஏறிவிடும்.

மாற்றும் முறை: எஞ்சின் முழுசாகக் குளிர்ந்த பிறகு மட்டும் மூடியைத் திறங்கள். ரேடியேட்டர் அடிப் பிளக்கில் இரண்டு மூன்று லிட்டர் கூலன்ட் இறக்குங்கள், வீட்டு விலங்குகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், அது இனிக்கும் விஷம். ஹவுசிங்கில் இரண்டு மூன்று 10 மி.மீ. போல்ட். பழையது எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதியதில் பொறித்த வெப்பநிலை, பெரும்பாலும் 82 அல்லது 88, பழையதோடு ஒத்திருக்க வேண்டும். குட்டி ஜிகிள் வால்வு இருந்தால் அது மேலே வர வேண்டும், அதன் வழியாகத்தான் காற்று வெளியேறும். ரப்பர் வளையம் கட்டாயம் புதிது. பிளாஸ்டிக் ஹவுசிங் என்றால் கையேட்டில் உள்ள டார்க்குக்கு மேல் ஒரு சுற்றுகூட முறுக்காதீர்கள், விரிசல் விடும்.

பழையதைச் சோதிக்க ஆசையிருந்தால் தண்ணீரில் போட்டுச் சூடாக்கி ஒரு தெர்மாமீட்டரை நிறுத்துங்கள். பொறித்த எண்ணுக்கு முன்பே வாயைத் திறந்திருந்தால் சந்தேகமே இல்லை.

நிரப்பும்போது கையேட்டில் சொன்ன வகை கூலன்ட், காய்ச்சி வடித்த தண்ணீரோடு பாதிக்குப் பாதி. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் மூடி திறந்தபடியே ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். குமிழி வர வர மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே இருங்கள். நேரம் ஆக ஆகச் சூடேறி வழிந்தால் சிதறும், முகத்தைத் தள்ளி வையுங்கள். ரேடியேட்டரில் மூடியே இல்லாத வண்டிகளில் பிளீட் ஸ்க்ரூ எங்கே என்று கையேட்டைப் பாருங்கள். ஃபேன் இரண்டு முறை ஓடி நின்றதும் மூடிவிட்டு, மறுநாள் காலையில் ரிசர்வ் டப்பா மட்டத்தைச் சரிபாருங்கள். பிறகு ஓபிடியில் ஹைவே வேகத்திலும் 85-க்குக் கீழே இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்து, அதற்கப்புறம் புதிதாக மூன்று டேங்க் கணக்கைத் தொடங்குங்கள்.